மூன்றாவது ஆட்டத்தையும் எடுத்துவிடாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் ஆணையர் ரோஜர் குடெல் அவர்களுக்கும், 32 அணிகளின் உரிமையாளர்களுக்கும், வீரர்கள் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில் இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் ரசிகன். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. ஏப்ரலில், அணிகள் காலேஜ் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வந்தாலும் ஆகஸ்டில் டிரெய்னிங் கேம்ப் வந்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்கிற நண்பர்கள் எல்லோரும் தமிழில்தான் நிற்கிறார்கள். இதில் அவர்கள் குரலும் இருக்கிறது.

விஷயம் இதுதான். முன்பு பிரீசீசன் ஆட்டங்கள், அதாவது சீசனுக்கு முன்னால் ஆடும், கணக்கில் சேராத ஆட்டங்கள், நான்கு இருந்தன. 2021-இல் சீசனை 17 ஆட்டமாக நீட்டியபோது அதை மூன்றாக்கினீர்கள். 18 ஆட்டமும் இரண்டு பிரீசீசனும் என்ற கணக்கு தனக்குச் சம்மதம் என்று ஆணையர் 2024 ஏப்ரலில் வெளிப்படையாகவே சொன்னார். அதன்பிறகு அந்தப் பேச்சு ஓயவே இல்லை. வீரர்களுடனான இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசன் வரை ஓடும். அடுத்த ஒப்பந்தத்துக்கு எப்போது உட்கார்ந்தாலும் இது மேசைக்கு வரும். அப்போது அந்த மூன்றாவது ஆட்டத்தில் கை வைக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2010-ஆம் வருட டிராஃப்டில் இருந்து தொடங்குகிறேன். நண்பர் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஜயண்ட்ஸ் 15-ஆவது தேர்வில் ஜேசன் பியர்-பாலை எடுத்தார்கள். அவ்வளவுதான், வீடு இரண்டாகிவிட்டது. "பெரிய காலேஜ்ல ஒரே ஒரு சீசன் ஆடின பையன். பின்னாடி கரணம் போடுற வீடியோவைப் பார்த்து மயங்கிட்டாங்க மாமா" என்றான் என் மச்சான். அந்தக் கை நீளத்தையும் கால் வேகத்தையும் யாராலும் கற்றுத்தர முடியாது, மற்றதைக் கற்றுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி. நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆதாரம் கிடையாது. ஏப்ரலில் யாரிடமும் ஆதாரம் இருக்காது. காலேஜ் ஆட்டத்தின் வீடியோ இருக்கும், 40 யார்டு ஓடிய நேரம் இருக்கும், அவரவர் நம்பிக்கை இருக்கும்.

ஆகஸ்ட் 16, திங்கட்கிழமை. மெடோலேண்ட்ஸில் புதிதாகக் கட்டிய அரங்கத்தில் முதல் ஆட்டம், ஜயண்ட்ஸும் ஜெட்ஸும். பிரீசீசன் என்பதால் அலுவலக நண்பர் தனக்கு வேண்டாமென்று இரண்டு டிக்கெட்டை எங்களிடம் தள்ளிவிட்டார். ஒன்பது வயது மகளோடு மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவாட்டர்பேக் ஈலை மேனிங்கின் ஹெல்மெட் கழன்று நெற்றி கிழிந்து ரத்தம் வழிய, கீழே ஒரே கூச்சல். அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். பாதி ஜனம் அப்போதே கிளம்பும் மனநிலைக்கு வந்துவிட்டது. பிறகு ஜயண்ட்ஸ் ரிசீவர் ஒருவர் ஓரக்கோட்டை ஒட்டி ஒரு பந்தைப் பிடித்தார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார். 64 யார்டு, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன்.

"அந்த மூணாம் நம்பர் யாருப்பா?" என்றாள் மகள்.

எனக்குத் தெரியவில்லை. மடித்து வைத்திருந்த வீரர் பட்டியலைப் பிரித்து விரலால் தடவித் தேடினேன். விக்டர் குரூஸ். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம். ஊர் பேட்டர்சன், நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்து மைல்தான் இருக்கும். டிராஃப்டின் ஏழு சுற்றிலும் யாரும் தொடாத பையன். பேஸ்மென்ட்டில் அத்தனை மணி நேரம் கத்திய எங்கள் எட்டுப் பேர் வாயிலும் அந்தப் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. அன்று இரவு அவர் 6 பந்து பிடித்து 145 யார்டு எடுத்தார், மூன்று டச்டவுன். மகள் பட்டியலில் அவர் பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டாள். அந்தத் தாள் இன்னும் வீட்டில் இருக்கிறது.

மற்றது ஊருக்கே தெரியும். 2011 சீசனில் குரூஸ் எடுத்தது 1,536 யார்டு, ஜயண்ட்ஸ் அணியின் சாதனை. பியர்-பால் அதே சீசனில் 16.5 சாக், அதாவது எதிரணிக் குவாட்டர்பேக்கைப் பந்தோடு சாய்த்தது. 2012 பிப்ரவரியில் பேட்ரியட்ஸை 21-17 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பை வீட்டுக்கு வந்தது. அந்த ஆட்டத்தின் முதல் டச்டவுன் குரூஸுடையது. நாங்கள் சண்டை போட்டு அலசியவரும் தேவைப்பட்டார், பெயரே தெரியாதவரும் தேவைப்பட்டார்.

இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. 90 பேரோடு கேம்ப் தொடங்குகிறது, ஆகஸ்ட் கடைசியில் 53 பேர் மிஞ்சுகிறார்கள். அணிக்கு 37 பேர் என்றால் 32 அணிக்கு 1,184. காயப் பட்டியலுக்குப் போகிறவர்களைக் கழித்தாலும் ஆயிரம் பேர் அளவில் வரும். 2023-இல் இருந்து இதைப் படிப்படியாகச் செய்யாமல் ஒரே நாளில் செய்கிறீர்கள். பயிற்சிக்கென்று வைத்துக்கொள்ளும் பிராக்டிஸ் ஸ்குவாடில் அணிக்கு 16 இடம் இருக்கிறது, சரி. மிச்சப் பேர் பெட்டியைக் கட்டுகிறார்கள். சிறுவயதிலிருந்து ஆடியதற்கெல்லாம் அந்த ஒரு நாளில் கணக்கு முடிகிறது. அந்த நாளுக்கு முன்னால் அவர்கள் கையில் இருப்பது இந்த மூன்று ஆட்டங்கள்தான்.

இரண்டு அணிகள் சேர்ந்து செய்யும் பயிற்சி இருக்கிறதே, அது போதாதா என்பீர்கள். பயிற்சியாளர்களுக்கு அது பிடித்திருக்கிறது, காரணமும் புரிகிறது. குவாட்டர்பேக்குக்கு வேறு நிற ஜெர்சி கொடுத்து, யாரும் அவரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடலாம். எந்தச் சூழ்நிலை வேண்டுமோ அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அங்கே பந்து பெரும்பாலும் முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும்தான் போகிறது. மூன்றாம் வரிசைக் குவாட்டர்பேக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பதை கேம்புக்குப் போகிற எந்த ரசிகரும் பார்த்திருப்பார். ஆளை முழு வேகத்தில் தரையில் சாய்ப்பதும் அங்கே கிடையாது. 50-ஆவது, 53-ஆவது இடம் யாருக்கு என்பதோ, பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பண்ட்டிலும் கிக்காஃபிலும் முடிவாகிறது. 40 யார்டு ஓடிப் போய், தடுக்க வருகிற இருவரைத் தாண்டி, பந்தோடு வருகிறவனைத் திறந்த வெளியில் சாய்க்கத் தெரிந்தவனுக்கு அந்த இடம். அதைப் பாதி வேகத்தில் ஆடிக் காட்டவே முடியாது.

நான் பெரிதாக நினைக்கிற இன்னொன்று உண்டு. பிரீசீசன் ஆட்டத்தின் வீடியோ 32 அணிகளுக்கும் போகிறது, பயிற்சியின் வீடியோ அப்படிப் போவதில்லை. ஓர் அணி விடுவித்த இளம் வீரரை வெய்வர் என்ற முறையில் மறுநாளே இன்னோர் அணி கேட்டு எடுத்துக்கொள்ளலாம். எதைப் பார்த்து எடுக்கும்? அந்த மூன்று ஆட்டங்களை. ரிசீவர்கள் குவிந்துகிடக்கிற அணியில் சிக்கிக்கொண்ட பையனுக்கு, ரிசீவரே இல்லாத அணி அவனைப் பார்க்க வேறு ஜன்னல் கிடையாது.

எதிர்ப்பக்கத்தில் இருக்கிற நியாயத்தை மறைக்க மாட்டேன். 2020-இல் கொரோனாவால் பிரீசீசனே நடக்கவில்லை. அந்த வருடம்தான் டிராஃப்டில் யாரும் எடுக்காத ஜேம்ஸ் ராபின்சன் ஜாக்சன்வில்லுக்காக 1,070 யார்டு ஓடினார். நல்ல பயிற்சியாளர் கண்ணுக்கு ஆட்டம் இல்லாமலும் திறமை தெரியும் என்பதற்கு அவர் சாட்சி. காயமும் உண்மை. மின்னசோட்டா 10-ஆவது தேர்வில் எடுத்த ஜே.ஜே. மெக்கார்த்தி 2024 ஆகஸ்டில் ஒரே ஒரு பிரீசீசன் ஆட்டம் ஆடினார். முழங்கால் போய் அந்த சீசன் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். அவருடைய ரசிகர்களின் வேதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் காயத்துக்குப் பயந்து இந்த ஆட்டத்தை எடுக்கிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக நீங்கள் வைக்கப்போவது சீசனின் 18-ஆவது ஆட்டம். எடுக்கிற ஆட்டத்தில் முன்னணி வீரர்கள் ஆடுவதே அபூர்வம், அனேக அணிகள் அவர்களை உட்காரவைத்துவிடுகின்றன. வைக்கிற ஆட்டத்திலோ அவர்கள் நான்கு குவார்ட்டரும் அடிபட வேண்டும். உடம்பு யாருக்கு மிச்சமாகிறது? வீரர்கள் சங்கத்தாரை இந்த இடத்தில் தனியாகக் கேட்கிறேன்: பேரம் பேசும் மேசையில் சம்பளம் உறுதியான பெரிய வீரர்களின் குரல் கேட்கும். 90-இல் 71-ஆவதாக இருப்பவனுக்காகப் பேச உங்களை விட்டால் ஆள் இல்லை.

சான் ஃபிரான்சிஸ்கோ ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2021-இல் மூன்றாவது தேர்வுக்கு ஏறி குவாட்டர்பேக் டிரே லான்ஸை எடுக்க மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தார்கள். நாடு முழுக்க அதைப் பற்றித்தான் வாக்குவாதம். அடுத்த வருடம் 262 பேர் கொண்ட டிராஃப்டில் 262-ஆவதாக பிராக் பர்டி என்ற இன்னொரு குவாட்டர்பேக் வந்தார். அவரைப் பற்றி யாரும் வாதம் செய்யவில்லை. ஆகஸ்ட் முடிவில் அனுபவமுள்ள நேட் சட்ஃபெல்டை விட்டுவிட்டுப் பர்டியை வைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் லான்ஸுக்குக் கணுக்காலில் காயம், டிசம்பரில் அடுத்த குவாட்டர்பேக் கரோப்போலோவுக்குப் பாதத்தில் காயம். மூன்றாம் ஆளான பர்டி களத்தில் இறங்கினார். அந்த ஆகஸ்டில் அந்த இடம் சட்ஃபெல்டுக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அணியின் உரிமையாளர்களே ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

டிக்கெட் விஷயமும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னணி வீரர் ஆடாத ஆட்டத்துக்கு முழு விலை வாங்குவது நியாயமில்லை என்று சீசன் டிக்கெட்காரர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். அது சரியான குறை. அதற்கு மருந்து விலையைக் குறைப்பது, ஆட்டத்தை ஒழிப்பது இல்லை. பத்து டாலருக்குக் கொடுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சும்மாவே திறந்துவிடுங்கள். சீசன் ஆட்டத்துக்கு நாலு பேர் குடும்பத்தோடு போக முடியாத எத்தனையோ வீடுகள் என் தெருவிலேயே இருக்கின்றன.

18 ஆட்டம் வந்தே தீரும், தடுக்க முடியாது என்றால், 53-ஐயாவது கூட்டுங்கள். ஒரு வார ஓய்வையும் சேர்த்துக் கொடுங்கள். சீசன் நீண்டால் ஆள் அதிகம் வேண்டும் என்பது எளிய கணக்கு. கூட்டுப் பயிற்சிகளைத்தான் நம்பப்போகிறீர்கள் என்றால், அதில் மூன்றாம் வரிசைக்கும் இவ்வளவு நேரம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அந்த வீடியோவையும் 32 அணிகளுக்கும் அனுப்புங்கள். இவை எல்லாம் இரண்டாம் பட்சம். முதல் வேண்டுகோள், மூன்றாவது ஆட்டம் இருக்கட்டும்.

என் மகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது, வேறு மாநிலத்தில் வேலை. ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் கடைசி பிரீசீசன் ஆட்டத்தின் நாலாம் குவார்ட்டரில் அவளிடமிருந்து போன் வரும். இரண்டு பேரும் அவரவர் வீட்டில் டிவி முன்னால் பட்டியலோடு உட்கார்ந்திருப்போம். "அப்பா, 86 யாரு?" என்பாள். நான் தேடிச் சொல்வேன்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ஜயண்ட்ஸ் ரசிகன்