ஊதா மூடிக் குழாய்

அருப்புக்கோட்டை
16-2-2025

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. லேபில் ஏசிக்கு நேரே உட்காராதே, உனக்குச் சைனஸ் இருக்கிறது. பொங்கலுக்கு வந்துபோய் ஒரு மாதமாகிறது. அம்மாவிடம் இரண்டு தடவை பேசினாய். சரி, வேலை இருக்கும்.

போன மாதம் பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன். 83 சமூகங்களில் 10,000 பேருடைய ஜீனோமை, அதாவது உடம்புக்குள் இருக்கிற எழுத்துப் புத்தகத்தை, முழுக்கப் படித்து, ஃபரிதாபாத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். என் மகளுக்கும் இதே வேலைதான் என்று டீக்கடையில் எல்லாரிடமும் காட்டினேன். வீட்டில் உன்னைக் கத்தியவனும் நான்தான்.

நீ சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் புத்தகத்தில் அப்பாவிடமிருந்து ஒரு படி, அம்மாவிடமிருந்து ஒரு படி, படிக்கு 300 கோடி எழுத்து. 24 வருஷம் ஈய எழுத்துக் கோத்தவனுக்கு இது புரியாதா? அறம் அரமாகிவிட்டால் முதலாளி கூலியில் பிடிப்பார். இதயம் சம்பந்தப்பட்ட ஒரு ஜீனில் 25 எழுத்து விட்டுப்போய், நம் துணைக்கண்டத்தில் 100-க்கு 4 பேர் அதோடு நடமாடுகிறார்கள் என்றாய். அது ஒரு படியில் விட்டிருந்தாலே ஆபத்து. வேறு சில நோய்கள் இரண்டு படியிலும் பிழை இருந்தால்தான் வரும் என்றாய். வேறு வேறு ஆள் கோத்திருந்தால் இதில் விட்டது அதில் இருக்கும். சொந்தத்தில் கட்டி, ஒரே ஆள் கோத்ததிலிருந்து இரண்டு படியும் வந்தால் பிழையும் அதே இடத்தில்தான் இருக்கும்.

அப்புறம் 2017-இல் வந்த ஆய்வைக் காட்டினாய். சொந்தம் இல்லாத அசலில் கட்டினாலும் சாதிக்குள்தான், அந்தச் சாதியே ஆதியில் கொஞ்சம் பேரிலிருந்து பெருகியது, 263 கூட்டங்களில் 81-இல் அந்தக் குறுக்கம், அதற்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களைவிடக் கூடுதல் என்றாய். சொல்லிவிட்டு, ரத்தம் பிடிக்கிற ஊதா மூடி போட்ட குழாயை மேஜையில் வைத்தாய், சம்மதப் படிவத்தை நீட்டினாய். "என் ரத்தத்தில் என்ன குறை கண்டாய்?" என்று கேட்டேன். நீ ஒன்றும் பேசவில்லை. குழாயைப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்தாய். பெற்றவனிடம் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதா?

விருதுநகர் வரன் இன்னும் கேட்டு விடுகிறார்கள். அசல்தான், நல்ல இடம். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன் ரத்தத்தையும் நீ பார்த்திருப்பாய். அதில் ஏதாவது... நான் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

கவிதா, உன் அண்ணன் விஷயம். 1992-இல் அவனை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, சொந்தத்தில் கட்டினீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை, அசல் என்றேன். அக்கா பெண்ணைக் கட்டியவன் என்று அவர் முன்னால் சொல்லக் கூச்சம். அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். டாக்டர் "அசல்" என்று சீட்டில் எழுதிக்கொண்டார். 14 மாதம் இருந்தான்.

வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே வந்தாள், அதனால்தான் என்று அப்பத்தா சொன்னாள். தெருவே சொன்னது. டாக்டர் எதற்காகக் கேட்டார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் கிரகணம் என்றால் உன் அம்மா முதல் ஆளாக ஜன்னலைச் சாத்திவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். 33 வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் சாப்பிடுகிறேன்.

சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வரும்போது இரண்டு குழாய் கொண்டு வா. அம்மாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். நீ வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் இருக்க வேண்டுமா என்று மட்டும் ஒரு போன் பண்ணிச் சொல்.

அப்பா