அம்மா கொடுத்த மெத்தையும் நாக்கடிச் சொட்டும்

செல்லூர், மதுரை
பங்குனி 8

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கதிருக்கும் இளைப்பு என்று படித்ததும் நம் விடுதி அறைதான் நினைவுக்கு வந்தது. மார்கழி விடியற்காலையில் நான் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். நீ என் முதுகைத் தடவிக்கொண்டு, டெரிஃபிலின் மாத்திரை கேட்குமா கேட்காதா என்று விழித்திருப்பாய். இப்போது மகனுக்காக விழித்திருக்கிறாய். அதனால்தான் போனில் இரண்டு வார்த்தை பேசி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"நாக்குக்கு அடியில் அலர்ஜிச் சொட்டு விட்டால் இன்ஹேலர் பஃப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமாமே?" என்று கேட்டிருக்கிறாய். முடியாது, வாசுகி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொட்டு ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. இன்றும் காலையும் இரவும் பஃப் எடுக்கிறேன். அளவு பாதியாகியிருக்கிறது, அதுவும் டாக்டர் பார்த்துக் குறைத்தது.

இத்தனை வருடம் தெருப் புழுதியும் தறிப் பஞ்சும்தான் எனக்கு ஆகவில்லை என்று நினைத்திருந்தேன். முந்தின கார்த்திகையில் தோல் பரிசோதனை செய்தார்கள். முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில், ஒப்பிட வைத்த சொட்டைத் தவிர ஒரே ஒரு இடம் கொசுக்கடி போலத் தடித்து அரித்தது. வீட்டுத் தூசியில் வாழும் பூச்சி என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாது, கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். எட்டுக் கால், சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தம். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே பிழைத்துக்கொள்ளும். ஐப்பசி பிறந்தால் எனக்கு ஏன் இழுக்கத் தொடங்கியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அது கடிப்பதில்லை. அதன் கழிவில் இருக்கும் புரதம்தான் மூச்சுக்குழாயைக் கிளறிவிடுகிறது. தூசியில் இருக்கும் வில்லன் இதுதான் என்று 1964-இல்தான் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டுபிடித்தார்களாம். நம் பாட்டிமார் பாவம், பனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எதில் படுக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லவே வாய் வரவில்லை. அம்மா என் கல்யாணத்துக்குப் போடியிலிருந்து இலவம்பஞ்சு வரவழைத்து, திண்ணையிலேயே ஆள் வைத்துத் தைத்த மெத்தை உனக்கு நினைவிருக்கும். நீலக்கோடு போட்ட துணி. அம்மா போன பிறகு அதில் படுத்தால்தான் எனக்குத் தூக்கமே வரும். வருடா வருடம் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போட்டு, கம்பால் தட்டி, வாசனை பார்த்து எடுத்து வருவேன். வெயிலில் பூச்சி சாகும், ஆனால் அதன் கழிவு பஞ்சுக்குள்ளேயே கிடக்கும் என்று டாக்டர் சொன்னபோது, தட்டிய ஒவ்வொரு தட்டிலும் அதை நானே மூச்சில் இழுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. பத்து நாள் மனசு கேட்கவில்லை. அப்புறம் என் வீட்டுக்காரர்தான் பஞ்சை அள்ளி மூட்டை கட்டிக் கொண்டுபோனார். உறையை மட்டும் கொதிநீரில் ஊறவைத்து அலசிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மெத்தையை மாற்றியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. மெத்தைக்குப் பூச்சி புகாத உறை போடுவது, பூச்சி மருந்து அடிப்பது போன்ற வழிகளை மட்டும் நம்பினால் ஆஸ்துமா பெரிதாகக் குறைவதில்லை என்று, 50க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு 2008-இலேயே எழுதியிருக்கிறது. படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். அதற்கு மேல் வீட்டைப் போட்டுப் புரட்டுவதில்லை.

சரி, சொட்டுக்கு வருகிறேன். எந்தப் பூச்சி ஆகவில்லையோ அதன் சாற்றையே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குப் பழக்குவது. 1911-இல் லண்டனில் லியோனார்ட் நூன் என்பவர் புல் மகரந்தத்தை ஊசியாகப் போட்டுத் தொடங்கிவைத்த வழி, இப்போது நாக்குக்கு அடியில் வந்திருக்கிறது. நான் காலையில் விட்டு இரண்டு நிமிடம் வைத்திருந்து விழுங்குகிறேன். முதல் சொட்டை டாக்டர் எதிரிலேயே போட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்பினார்கள். முதல் மூன்று வாரம் நாக்கடி அரித்தது, காதுக்குள்ளும் அரித்தது. பிறகு நின்றுவிட்டது. வாய்ப்புண் வந்தாலோ பல் பிடுங்கினாலோ ஆறும் வரை நிறுத்த வேண்டும். மூன்று வருடமாவது விடாமல் எடுக்கச் சொல்கிறார்கள். பொறுமையில்லாதவர்கள் ஆரம்பிக்காமலே இருப்பது நல்லது.

பலன் உண்டா என்றால், உண்டு, அளவாக. 2016-இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், பஃப் எடுத்தும் ஆஸ்துமா முழுதாக அடங்காத 834 பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இந்தப் பூச்சிச் சாற்றை மாத்திரையாக நாக்கடியில் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. பிறகு ஸ்டீராய்டு பஃப்பைக் குறைத்து நிறுத்திப் பார்த்ததில், மருந்து எடுத்தவர்களுக்கு இளைப்பு முற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. ஆனால் அன்றாட வாழ்க்கைத் தரத்தைக் கேட்டு அளந்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நல்லதை மட்டும் சொல்லி உன்னை நம்பவைக்க எனக்கு விருப்பமில்லை. எனக்குத் தும்மலும் மூக்கடைப்பும்தான் முதலில் விட்டன. இந்த ஐப்பசியில் நெபுலைசர் வைக்க ஒருமுறைகூட ஓடவில்லை. அது சொட்டாலா, பஃப்பை ஒழுங்காக எடுத்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதே. இந்த டாக்டரிடம் போவதற்கு முன் வேறோர் இடத்தில் ரத்தம் எடுத்து, கத்தரிக்காய், இறால், கரப்பான், மல்லிகை என்று ஒரு பெரிய பட்டியல் கொடுத்தார்கள். அத்தனையையும் கலந்து ஒரே குப்பி சொட்டு. ஐந்து மாதம் எடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கத்தரிக்காய் எனக்கு ஒருநாளும் எதுவும் செய்ததில்லை. சோதனையில் காட்டுவதும் நம் உடம்பில் நடப்பதும் பொருந்தினால்தான் அது அலர்ஜி என்று அவர்கள் சொல்லவேயில்லை. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

கதிருக்கு மூக்கும் சேர்ந்து தொந்தரவு தருவதாக எழுதியிருக்கிறாய், அதனால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. முதலில் ஊதிப் பார்க்கும் சோதனை செய்யட்டும். ஒரு வினாடியில் ஊதும் காற்று, அவனுக்கு இருக்க வேண்டிய அளவில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் இதைப் பற்றிப் பேசவே செய்வார்கள். ஆஸ்துமா கட்டுக்குள் வராமல் திணறும்போது ஆரம்பிப்பது ஆபத்து.

இங்கே மற்றபடி சுகம். அத்தைக்குக் கண் அறுவை முடிந்து பேப்பர் படிக்கிறார். அழகர் இறங்குவதற்கு நாலு நாள் முன்னாலேயே கதிரைக் கூட்டிக்கொண்டு வா, என் டாக்டரிடம் காட்டலாம். தோல் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், உங்கள் டாக்டரைக் கேட்டு நிறுத்து. பஃப்பை நிறுத்த வேண்டாம், அதைப் பையில் மறக்காமல் போட்டு எடுத்து வா. அவன் அதை எப்படி இழுக்கிறான் என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மங்கை