ஊர்வன விற்பதாகப் போலி அடையாளத்தில் ஏமாற்றுவோர் மீது நடவடிக்கை கோரும் மனு

அனுப்புநர்
(பெயர், முகவரி தனித்தாளில்)
கோயம்புத்தூர்.

பெறுநர்
உயர்திரு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை,
சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: இணையத்தில் வளர்ப்பு ஊர்வன விற்பதாகப் போலிச் சான்றிதழ் காட்டிப் பணம் பறிப்போர் – நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். பால் பைத்தான் (Ball Python) என்ற மலைப்பாம்பு, இகுவானா என்ற பெரிய பல்லி போன்ற அயல்நாட்டு ஊர்வனவற்றை முறைப்படி பதிவு செய்து வளர்க்கும் சிலர் சார்பில் இம்மனுவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 49எம் பிரிவின்படியும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படியும் இவற்றை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தேவையான விதிதான். ஆனால் புதிதாக வாங்க வருபவர்கள் "ஏதோ பேப்பர் வேண்டும்" என்ற அளவில்தான் இதை அறிந்திருக்கிறார்கள். மோசடிக்காரர்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் இப்படி ஏமாந்தார். கோவையில் இருப்பதாகச் சொன்ன விற்பனையாளர் அனுப்பிய படத்தில், பாம்புக் கூண்டுக்குப் பின்னால் சுவரில் இருந்தது தட்டை முள் சொருகும் அமெரிக்க பிளக் பாயின்ட். ஆதார் அட்டையில் ஒரு பெயர், பணம் போன கணக்கில் வேறு பெயர். "பேப்பர் எல்லாம் பக்கா" என்று வந்த சான்றிதழில் தங்கள் பதவியின் பெயரும் அரசு முத்திரையும் இருந்தன. விற்பதோ பால் பைத்தான், அதில் எழுதியிருந்ததோ இகுவானாவின் அறிவியல் பெயர். முன்பணம் போனதும் பெட்டிக்கு, இன்சூரன்ஸுக்கு என்று மேலும் மேலும் கேட்டார்கள். மறுத்ததும், "பாம்பு வாங்கப் பார்த்தாய் என்று வனத்துறையில் போட்டுக் கொடுத்துவிடுவேன்" என்று மிரட்டல். மாணவர் புகார் கொடுக்கவே பயந்துவிட்டார்.

பணம் போனதைவிட இதுதான் எங்களுக்கு வேதனை. உயிரினங்களைக் காக்க வந்த சட்டத்தைக் காட்டியே ஏமாந்தவரின் வாயை அடைக்கிறார்கள்.

இத்தகைய விளம்பரங்களுக்கு நடுவே நட்சத்திர ஆமைகளும் விற்பனைக்கு வருகின்றன. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் பட்டியலில் 2019 முதல் உள்ள, நம் மண்ணின் உயிரினம் அது. அதை வாங்குவோருக்காக நாங்கள் பரிந்து பேசவில்லை. அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும்.

எங்கள் முதன்மையான கோரிக்கை: சான்றிதழ் எண்ணைக் கொடுத்தால் அது உண்மையா, எந்த இனத்துக்கு வழங்கப்பட்டது என்பதை மட்டும் பொதுமக்கள் பார்க்க வழி செய்ய வேண்டும். வளர்ப்பவரின் பெயர், முகவரி வெளியே தெரிய வேண்டாம். திருட்டுப் பயம் உண்டு. அந்த வசதி வரும்வரை, மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டால் சரிபார்த்துச் சொல்ல ஒருவரை நியமித்தாலே பெரிய உதவி.

1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு வரும் இத்தகைய புகார்களில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி ஆள்மாறாட்ட மோசடியை விசாரிக்கும் சைபர் கிரைம் போலீசாருடன் தங்கள் துறையும் சேர்ந்து போலிச் சான்றிதழின் மூலத்தைத் தேட வேண்டும். சட்டப்படி வளர்க்கக்கூடிய இனத்துக்குப் பணம் கட்டி ஏமாந்தவர் பயமின்றிப் புகார் தரலாம் என்று தமிழில் ஓர் அறிவிப்பும் வெளியிட வேண்டும். விலங்கை நேரிலோ வீடியோ அழைப்பிலோ காட்ட மறுப்பவருக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்பதையும் அதிலேயே சேர்க்கலாம்.

உரிய நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: போலிச் சான்றிதழ், உரையாடல் பதிவுகள், பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றின் நகல்கள்.