பெல்ஃபாஸ்ட் கப்பலும் மாமாவின் வள்ளமும்

லண்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். முதியோர் இல்லத்தில் இந்த வாரம் ராத்திரி வேலை. மரச்சீனி இங்கே ஐஸ் பாக்கெட்டில் கிடைக்கிறது. அவித்தால் ரப்பர்தான், அம்மா கொடுத்துவிட்ட கருவாடு இருப்பதால் இறங்குகிறது.

போன வாரம் போனில் அப்பா சத்தம் போட்டீங்களே, "சண்டையத் தொடங்குனவனே முதல்ல போயி நிக்கட்டும் மக்களே, அப்பம் சண்டை தானா குறையும்" என்று. போனில் உங்களிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

டவர் பிரிட்ஜ் பக்கம் தேம்ஸ் ஆற்றில் பெல்ஃபாஸ்ட் என்ற பழைய போர்க்கப்பல் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டி கரையில் குண்டு போட்டது. அதில் நானும் வருவேன் என்று பிரதமர் சர்ச்சில் அடம்பிடித்தாராம், 69 வயதில்! ராஜா ஆறாம் ஜார்ஜ் கடிதம் எழுதித்தான் தடுத்தார். அந்த வயசுக்காரர்களை எங்கள் இல்லத்தில் படியேற்றவே ரெண்டு பேர் வேணும்.

ஆனால் ராஜா போனால் சண்டை குறையுமா? நம்ம குளச்சலில் 1741-ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தானே படையோடு நின்று டச்சுக்காரர்களை அடித்தார். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாயை வைத்தே படையைப் பழக்கி, வடக்கே காயங்குளம், அம்பலப்புழை என்று பிடித்துக்கொண்டே போனார். இந்த ஊர்ப் பிரதமர் அஸ்குவித் 1914-ல் முதல் உலகப் போரில் இறங்குவதாக அறிவித்தார், மூத்த மகன் 1916-ல் சோம் போர்க்களத்தில் செத்தான். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் போர் ஓடியது.

ஓனர் கரையில் இருந்தால் "இன்னும் ஒரு நாள் பாருங்கடே" என்பான், வள்ளத்தில் இருந்தால் காற்று மாறினதுமே திருப்பச் சொல்லுவான் என்பீங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நம்ம மாமா? ஓனரும் அவர்தான், வள்ளம் ஓட்டினதும் அவர்தான். மீன் படாத வீம்பில் திரும்பாமல் நின்று, வலையையும் இன்ஜினையும் தொலைத்துவிட்டு வந்தார். கூட இருந்த நாலு பேரும் திரும்பலாம் என்று சொன்னார்களாம், யார் கேட்டது? போரிலும் எனக்கு அந்த நாலு பேர் மேல்தான் கண். தலைவன் கூட வந்தானா என்பதை விட, திரும்பலாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருந்ததா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

பணம் புதன்கிழமை வரும். அம்மா, மருந்தை நிறுத்தாதீங்க. மாமா வீட்டில் இருக்கும்போது இதைச் சத்தமாகப் படிக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்