மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்புக்குரிய தலைவி அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு பன்னிரண்டு மாதக் கூட்டங்களுக்கு அழைப்பு விடப்பட்டது. நான்கு கூட்டங்கள் ஆட்கள் போதாமல் நடக்கவில்லை. யார் யார் வரவில்லை என்பது வரவுப் புத்தகத்தில் இருக்கிறது, இங்கு வாசிக்கவில்லை. தைப்பொங்கல் வழமைபோல் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. குளத்து வீதியில் ஒருநாள் சிரமதானம் செய்தோம். வாணிவிழாவுக்கு முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவலும் கடலையும் கொடுத்தோம்.

இனி, குரக்கன் றொட்டி சுடும் முறையைப் படங்களில் காட்ட இவ்வாண்டு நாங்கள் செய்த சுவரொட்டி. "ஒரு றொட்டிப் படத்துக்கு எட்டு மாதமா?" என்று வெளியில் கேட்கப்படுகிறதாம். கூட்டத்தில் கேட்டிருந்தால் அப்போதே பதில் சொல்லியிருப்பேன். இப்போது எழுத்தில் தருகிறேன்.

ஏ9 வீதியோரக் கடையில் நாங்கள் வைக்கும் குரக்கன் மாப் பைக்கற்றை வாங்கியவர்கள் சிலர், "றொட்டி உடையுது, மா சரியில்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். மாவில் பிழையில்லை. அவர்கள் கோதுமை மா குழைப்பதுபோலப் பச்சைத்தண்ணியில் குழைத்திருக்கிறார்கள். கோதுமை மாவில் குளுட்டன் என்ற பசை உண்டு, பச்சைத்தண்ணியிலும் இழுபடும். குரக்கனில் அது இல்லை. கொதிதண்ணி பட்டு மாப்பொருள் கொஞ்சம் வெந்தால்தான் ஒன்றோடொன்று பிடிக்கும். எங்கள் அம்மம்மாமார் கண்பார்வையில் செய்த இந்த வேலையை ஒரு தாளில் காட்டவேண்டும் என்பதே சுவரொட்டியின் நோக்கம்.

முதற்சிக்கல் அளவு. ஒருவர் சுண்டு என்றார், ஒருவர் பேணி என்றார், இன்னொருவர் தேத்தண்ணிக் கோப்பை என்றார். ஆகவே பாத்திரத்தின் பெயரையே எடுத்துவிட்டோம். எந்தப் பாத்திரமானாலும் அதே பாத்திரத்தால் மா 2, தேங்காய்ப்பூ 1, கொதிதண்ணி 1. தண்ணியை முதலில் முக்கால் பங்கு விட்டு, அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து பார்த்து மிச்சத்தை விடவேண்டும். தேங்காய் இளசானால் மிச்சம் தேவைப்படாது, நன்றாகக் காய்ந்த மா என்றால் கால் பங்கு கூடவும் இழுக்கும். உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் அவரவர் விருப்பம். 200 மில்லிலீற்றர் கோப்பையால் அளந்தால் உள்ளங்கை அகலத்தில் ஏழெட்டு றொட்டி வரும்.

படங்கள் முதலில் பன்னிரண்டு இருந்தன. கழுவுவது, காயவைப்பது, அரைப்பது எல்லாம் வரைந்திருந்தோம். பைக்கற் மா வாங்குபவருக்கு அவை தேவையில்லை என்பதால் எட்டாகக் குறைத்தோம். ஆனால் வீட்டுக் குரக்கனை மில்லுக்குக் கொண்டுபோவோருக்காகக் கீழே இரண்டு வரி விட்டிருக்கிறோம்: மண் போக நாலைந்து தண்ணியில் கழுவி, பல்லில் கடித்தால் நொறுங்கும்வரை வெயிலில் காயவைக்கவும், மிளகாய்த்தூள் அரைத்த கையோடு அதே மில்லில் அரைக்கக் கொடுக்கவேண்டாம். ஈரம் மிஞ்சிய மா சில நாளிலேயே கட்டிபட்டுக் கெட்ட மணம் மணக்கும்.

கைபேசியில் எடுத்த படங்களைத்தான் முதலில் வைத்துப் பார்த்தோம். கறுத்தத் தாச்சியில் மண்ணிற றொட்டி, ஒன்றுமே தெரியவில்லை. பிறகுதான் கோட்டோவியம். அதிலும் மா, குழையல், சட்டி, கை எல்லாம் ஒரே மண்ணிறமாக அச்சில் வந்தது. கணினித் திரை ஒளிவிடுவதால் அங்கே பிரிந்து தெரிந்த நிறங்கள் தாளில் மங்கிச் சேர்ந்துவிடும். குழையலின் கீழே பச்சை வாழையிலையையும் பக்கத்தில் வெள்ளைத் தேங்காய்ப்பூவையும் வரைந்த பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டுவதுதானே முறை, படத்துக்காகப் புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை.

கொதிதண்ணியைக் காட்டக் கோப்பையின் மேல் வளைகோடுகள் போட்டிருந்தோம். பார்த்தவர்களில் ஒருவர் புகை என்றார், ஒருவர் சூடான பால் என்றார். இப்போது அடுப்பில் தண்ணி கொதித்து மூடி எழும்பும் கேத்தில் ஒன்றை வரைந்திருக்கிறோம். யாரும் பிழையாகச் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது வெந்த பதம். எல்லாச் சமையல் குறிப்பிலும் "பொன்னிறமானதும் திருப்பவும்" என்று எழுதியிருக்கும். குரக்கன் றொட்டி ஒருநாளும் பொன்னிறமாகாது. பச்சையிலும் மண்ணிறம், வெந்தாலும் மண்ணிறம். நிறத்தை நம்பி இருந்தால் கருகும். பார்க்கவேண்டியது மூன்று: மேற்பரப்பின் ஈரமினுக்கம் போய் மங்கலாகும், ஓரம் கல்லைவிட்டுத் தானாக எழும்பும், விரலால் அமத்தினால் ஒட்டாது. கால் அங்குலத் தடிப்பில், நடுத்தர நெருப்பில், ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம். நெருப்புக் கூடினால் வெளியே கறுத்து நடுவில் பச்சை மா நிற்கும். ஏழாவது படத்தை இதற்காக நாலு தடவை திருத்தினோம். எட்டு மாதத்தில் ஒரு மாதம் அதற்கே போனது.

பிழைகளுக்கும் இரண்டு சின்னப் படங்கள் உண்டு. ஓரம் வெடித்தால் தண்ணி போதாது அல்லது ஆறிய தண்ணி. இலையில் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணி கூடிவிட்டது, ஒரு பிடி மா தூவிப் பிசையவும்.

எழுத்தில் ஒரு கூட்டம் முழுதும் போனது. றொட்டியா ரொட்டியா என்று அரைமணி நேரம். நாங்கள் சொல்வதுபோல றொட்டி என்றே போட்டோம். இந்தியப் புத்தகம் ஒன்றைப் பார்த்து "கேழ்வரகு" என்று எழுதியிருந்ததைக் குரக்கன் என்று மாற்றினோம். "நீரிழிவைக் குணமாக்கும்" என்று சேர்க்கச் சிலர் நெருக்கினார்கள். நான் மறுத்தேன். குரக்கன் நல்ல சாப்பாடு, 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. அதைப் போட்டிருக்கிறோம். குளிசையை நிறுத்திவிட்டு றொட்டி சாப்பிடுங்கள் என்று பொருள்படும் எதையும் கிளினிக் சுவரில் ஒட்டமுடியாது.

அச்சகத்தில் நடந்த பிழைக்கு எங்களுக்கும் பங்கு உண்டு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கணினிக் கோப்பை அப்படியே அனுப்பினோம். அங்கே அந்த எழுத்துரு இல்லாததால் தலைப்பு ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. இனி எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டில் தட்டி, பிடிஎப் ஆக மாற்றி, ஓரம் வெட்டுவதற்காகக் கரையில் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட்டுத்தான் கொடுக்கவேண்டும். கோப்பைச் சரிபார்க்க மூன்று பேர் நியமிக்கப்பட்டிருந்தார்கள். குறித்த நாளில் ஒருவர்தான் வந்தார். அந்த ஒருவர் யார் என்று நான் சொல்வது முறையல்ல.

கடைசிச் சோதனையாக, குரக்கன் றொட்டி சுட்டே பார்க்காத ஐந்து பிள்ளைகளிடம் தாளை மட்டும் கொடுத்து, வாய் திறக்காமல் நின்றோம். நாலு பேருக்கு றொட்டி முழுதாக வந்தது. ஐந்தாவது பிள்ளை படங்களை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போய் மூன்றாவது படத்தை விட்டுவிட்டது. அதனால்தான் எண்கள் இப்போது அவ்வளவு பெரிதாக இருக்கின்றன. அழகில்லை என்றவர்களுக்கு இதுவே பதில்.

ஏ2 அளவில் அடித்த பிரதிகள் முன்பள்ளியிலும் கிளினிக்கிலும் கடையிலும் தொங்குகின்றன. கடையில் உள்ளது மேற்கு வெயிலில் சிவப்பும் மஞ்சளும் போய் நீலமாகிக்கொண்டு வருகிறது. லமினேற் செய்தாலும் வெயிலில் நிறம் போகத்தான் போகும், ஆனால் அடுப்பங்கரையில் எண்ணெயும் ஈரமும் பிடிக்காமல் துடைத்து வைக்கலாம். அதற்குக் கையிருப்பில் காசில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. சுவரொட்டிக்கு ஒதுக்கியதைவிடக் கொஞ்சம் கூடிவிட்டது. மறுபடி அச்சிட்ட செலவு அது. மாதச் சந்தா ஐம்பது ரூபா. ஒரு தேங்காய்கூட வாங்கமுடியாத காசு. உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆடிக்குப் பிறகு கட்டவில்லை. கட்டாதவர்கள் வீட்டிலும் சுவரொட்டிப் பிரதி கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறோம்.

தலைவிக்கும், மண்டபத் திறப்பைத் தவறாமல் தந்தவருக்கும், படம் வரைந்த பிள்ளைக்கும், சோதனைக்கு மாவும் தேங்காயும் தந்த வீடுகளுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் குரக்கன் புட்டுக்கும் இப்படி ஒரு தாள் செய்ய உத்தேசம். மா அவிக்கும் பதமும் குழைக்கும் பதமும் றொட்டியைவிடச் சிக்கல். காலபோகக் குரக்கன் தை, மாசியில் கைக்கு வரும்போது தொடங்கினால் நல்லது. நான் மீண்டும் செயலாளராக இருப்பேனா என்பது சபையின் முடிவு. யாராவது முன்வந்தால் கோப்புகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, இன்றே ஒப்படைப்பேன். பொருளாளர் வாசற்பக்க மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு தேத்தண்ணி முடியும்வரை இருப்பார்.

செயலாளர்