62 வெற்றிகளை நிறுத்திய அணியைத் திருப்பிக் கொடுங்கள்

வட டகோட்டா பல்கலைக்கழகத்தின் தலைவருக்கும், அதன் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர்களுக்கும், மாநில உயர்கல்வி வாரியத்தினருக்கும்,

வணக்கம்.

உங்கள் ஊரிலிருந்து காரில் ஐந்து மணி நேரத் தூரத்தில், மினியாபொலிஸ் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. உங்கள் பழைய பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றிய இந்த மடலைத் தமிழில்தான் எழுத வந்தது. பல நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் தமிழில்தான். ஆங்கிலத்தில் ஒரு பிரதி உங்கள் அலுவலகத்துக்கும் வரும். ஆனால் இங்கே பெண்பிள்ளைகளுக்கு ஸ்கேட் கட்டிவிட்டு, விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஐஸ் அரங்கின் ஓரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும் தமிழ் அப்பா அம்மாக்களும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் மகளுக்குப் பதிமூன்று வயது. கோல்கீப்பர். போன குளிர்காலத்தில் ஒரு நோட்டில், பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி வைத்திருக்கும் கல்லூரிகளை எல்லாம் வரிசையாக எழுதினாள். மினசோட்டா, விஸ்கான்சின், ஒஹாயோ ஸ்டேட், டுலூத், பெமிட்ஜி, செயின்ட் கிளவுட்... பக்கம் நிறைந்தது. எங்களுக்கு அடுத்த மாநிலம், ஹாக்கி என்றாலே எல்லோரும் சொல்லும் ஊர், உங்கள் கிராண்ட் ஃபோர்க்ஸ் அந்தப் பக்கத்தில் இல்லை. விட்டுப்போயிற்றோ என்று கேட்டேன். விட்டுப்போகவில்லை. அங்கே அணியே இல்லை.

அன்றைக்கு அவளுக்கு 2012-13 பருவத்தின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்லப்போகிறேன். அந்தக் கதையில் உங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதை நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று எனக்குப் பயம்.

அந்த வருடம் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி 41 ஆட்டம் ஆடியது. 41-லும் வெற்றி. ஒரு டிரா கூடக் கிடையாது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான ஐஸ் ஹாக்கிப் போட்டியை 2001-இல் தொடங்கியதிலிருந்து, அப்படித் தோல்வியே இல்லாமல் கோப்பை வாங்கிய அணி அதற்கு முன் இருந்ததில்லை. ஆண்கள் பக்கம் பார்த்தாலும் 1970-இல் கார்னெல் 29 ஆட்டத்தில் 29 ஜெயித்ததுதான் உண்டு.

பயிற்சியாளர் பிராட் ஃபிராஸ்ட். முன்வரிசையில் அமாண்டா கெஸல்: 46 கோல், 55 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்), ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ஆக 101 புள்ளி. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான பாட்டி காஸ்மையர் விருது அவருக்குத்தான். கூடவே ஹன்னா பிராண்ட், முதலாம் ஆண்டு மாணவி, வந்த வருடத்திலேயே 82 புள்ளி. பின்வரிசையில் மேகன் போஸெக். கோலில் பின்லாந்திலிருந்து வந்த நூரா ராட்டி. அவர் நின்ற ஆட்டங்களில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு கோல்கூட உள்ளே போகவில்லை. என் மகள் இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். கோல்கீப்பர்களுக்கு மற்றதெல்லாம் அப்புறம்.

இதை மட்டும் கேட்டால், அந்த அணி எல்லோரையும் ஊதித் தள்ளிவிட்டுப் போனது மாதிரித் தெரியும். பருவத்தின் பெரும்பகுதி அப்படித்தான் இருந்தது. ஆனால் மார்ச் மாதம் அப்படி இல்லை. நாக்-அவுட் கட்டத்தில் மூன்றே ஆட்டம். கடைசி ஆட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-3 என்று நிம்மதியாக ஜெயித்தார்கள். அதற்கு முந்தைய அரையிறுதியில் பாஸ்டன் காலேஜ் அவர்களை ஓவர்டைம் வரை இழுத்தது, 3-2. அதற்கும் முந்தைய காலிறுதியில் எதிரே நின்றது நீங்கள்.

இந்த விளையாட்டில் நாக்-அவுட் ஓவர்டைம் என்றால் என்ன என்று தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது நிமிடம் வீதம் மூன்று பீரியட் ஆடி முடித்த பிறகும் சமநிலை என்றால், மறுபடி இருபது நிமிடம். யார் முதலில் கோல் போடுகிறார்களோ அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. யாரும் போடவில்லையா, இன்னொரு இருபது நிமிடம். அதிலும் இல்லையா, இன்னொன்று. பக், அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு, ஒரு தடவை யாருடைய ஸ்கேட்டிலாவது பட்டுத் திரும்பினால் போதும், ஒரு வருட உழைப்பு போய்விடும். அன்றைக்கு மினியாபொலிஸில் உங்கள் பெண்கள் மினசோட்டாவை மூன்றாவது ஓவர்டைம் வரை கொண்டுபோனார்கள். 3-2 என்று தோற்றார்கள். ஒரே ஒரு பக் அந்தப் பக்கம் போயிருந்தால், 41-0 என்ற எண்ணே இன்று யார் வாயிலும் இருக்காது.

அன்று உங்கள் அணியில் ஜோஸ்லின், மோனிக் லமுரூ என்ற இரட்டையர் ஆடினார்கள். கிராண்ட் ஃபோர்க்ஸிலேயே வளர்ந்தவர்கள். அவர்களுடைய அப்பாவும் உங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கோல்கீப்பராக நின்றவர். இந்தச் சகோதரிகள் கல்லூரி வாழ்க்கையைத் தொடங்கியது மினசோட்டாவில். ஒரு பருவம் அங்கே ஆடிவிட்டு, ஊருக்கே திரும்பிவந்து உங்கள் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். ஜெயித்துக்கொண்டே இருக்கும் பெரிய அணியை விட்டுவிட்டுச் சொந்த ஊர் அணியைக் கட்டி எழுப்ப வந்தவர்கள். அந்த மூன்றாவது ஓவர்டைம்தான் அவர்களுடைய கல்லூரி ஆட்டத்தின் முடிவு. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இத்தனைக்கும் நாங்கள் வீட்டில் மினசோட்டா ரசிகர்கள்.

அடுத்த பருவத்திலும் மினசோட்டா ஜெயித்துக்கொண்டே போனது. 2012 பிப்ரவரியில் தொடங்கிய தொடர் வெற்றி 62 ஆனது. 2013 நவம்பர் 17 அன்று, மினசோட்டாவின் சொந்த ரிடர் அரங்கிலேயே, 3-2 என்று அதை நிறுத்தியது யார்? நீங்கள்தான். நாட்டில் வேறு எந்தக் கல்லூரிக்கும் 62 ஆட்டமாக முடியாததை உங்கள் பெண்கள் செய்தார்கள்.

அப்புறம் மூன்றரை வருடத்தில் அந்த அணியை மூடினீர்கள்.

2017 மார்ச் 29. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணி, நியாயமான ஊதியமும் ஆதரவும் கேட்டு, உலகச் சாம்பியன் போட்டியையே புறக்கணிப்போம் என்று நின்று, ஹாக்கிச் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தது. அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் லமுரூ சகோதரிகளும் உண்டு. இருபத்துநாலு மணி நேரத்துக்குள், அவர்கள் சொந்த ஊரில், அவர்கள் கட்டி எழுப்பிய அணி இல்லை என்று ஆனது. நீச்சல் அணிகளையும் அன்றே மூடினீர்கள். அந்த மாணவர்களின் வலியும் எனக்குப் புரிகிறது. அவர்களுக்காகவும் யாராவது எழுத வேண்டும். எனக்குத் தெரிந்தது ஹாக்கி, அதனால் ஹாக்கியைப் பற்றி எழுதுகிறேன்.

காரணம் பணம் என்றீர்கள். எண்ணெய் விலையும் தானிய விலையும் சரிந்து மாநிலத்தின் வருமானம் குறைந்திருந்த நேரம் அது. பொய்யான காரணம் என்று நான் சொல்லவில்லை. குடும்பம் நடத்துகிறவனுக்கு வரவு குறைந்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் வரவு குறைந்த வீட்டில் யார் தட்டிலிருந்து முதலில் எடுக்கிறோம் என்பதில்தான் அந்த வீட்டின் குணம் தெரிகிறது. உங்களிடம் ரால்ஃப் எங்கல்ஸ்டட் அரங்கு இருக்கிறது. 11,000 பேருக்கு மேல் உட்காரலாம். இருக்கைகள் தோலில். கல்லூரி ஹாக்கிக்கு அதைவிட ஆடம்பரமான அரங்கை நான் பார்த்ததில்லை. உங்கள் ஆண்கள் அணி எட்டு முறை தேசியக் கோப்பை வாங்கியது, எட்டாவது 2016-இல், அதாவது பெண்கள் அணியை மூடுவதற்கு ஒரு வருடம் முன்பு. ஐஸ் இருக்கிறது, அரங்கு இருக்கிறது, ஹாக்கியை உயிராக நினைக்கும் ஊர் இருக்கிறது. இதெல்லாம் இல்லாத சின்னக் கல்லூரிகள் பெண்கள் அணியை நடத்துகின்றன. பெமிட்ஜி உங்களைவிடப் பணக்காரக் கல்லூரியா?

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வரவில்லை, டிக்கெட் வருமானம் இல்லை என்று சொல்லலாம். 11,000 இருக்கையில் ஆயிரம் பேர் உட்கார்ந்தால் காலியாகத்தான் தெரியும். மினசோட்டா அதை வேறு மாதிரி யோசித்தது. பெண்கள் ஹாக்கிக்கென்றே சுமார் 3,400 பேர் உட்காரும் ரிடர் அரங்கை 2002-இல் கட்டியது. 2013 இறுதி ஆட்டம் நடந்ததும் அங்கேதான். அளவான இடம் கொடுத்தால் கூட்டம் கூட்டமாகவே தெரியும், சத்தமும் கேட்கும். என் மகள் முதல் முதலாகக் கல்லூரி ஆட்டம் பார்த்தது அங்கே. கண்ணாடிக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தோம். கோல்கீப்பர் தன் காலில் கட்டும் பேடைத் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அன்று ராத்திரிதான் தனக்கும் பேட் வேண்டும் என்றாள்.

நீங்கள் மூடியதால் யாருக்கு நஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மட்டும் இல்லை. நீங்கள் இருந்த மேற்கத்திய லீக்கில் எட்டு அணிகள் ஏழாயின. 2001 முதல் 2013 வரை ஒவ்வொரு தேசியக் கோப்பையையும் வாங்கிய லீக் அது. அப்படி இருந்ததற்குக் காரணம் ஒரே ஒரு பெரிய அணி இல்லை. வெள்ளிக்கிழமை டுலூத்தையும் அடுத்த வாரம் விஸ்கான்சினையும் அதற்கடுத்த வாரம் உங்களையும் சந்திக்க வேண்டியிருந்ததால்தான் எல்லோருமே வலுவானார்கள். கெஸல் 101 புள்ளி எடுத்தது சும்மா நின்றவர்களுக்கு எதிராக இல்லை. ஏழு எட்டாக மறுபடி மாற நான்கு வருடம் ஆனது. 2021-இல் செயின்ட் தாமஸ் வந்து சேர்ந்தது. உங்கள் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டார் என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக ஒரு கல்லூரிக்கு முடிந்தது, அனுபவம் உள்ள உங்களுக்கு முடியாதா என்றுதான் கேட்கிறேன்.

இப்போது 2018 பிப்ரவரிக்கு வருகிறேன். நீங்கள் அணியை மூடிப் பதினொரு மாதம். தென்கொரியாவில் ஒலிம்பிக் இறுதி ஆட்டம், அமெரிக்காவும் கனடாவும். அமெரிக்கா தங்கம் வாங்கி இருபது வருடம் ஆகியிருந்தது. மூன்றாவது பீரியடில் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். தனியாகப் பக்கை எடுத்துக்கொண்டு போய் சமன் செய்தவர் மோனிக். ஓவர்டைமிலும் முடியவில்லை. ஷூட்-அவுட், ஒவ்வொருவராகக் கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொண்டு அடிப்பது. அதிலும் ஐந்து சுற்றில் சமநிலை. அமெரிக்காவை அதில் உயிரோடு வைத்திருந்தவர் கெஸல், அதே 41-0 கெஸல். ஆறாவது சுற்றில் ஜோஸ்லின் வந்தார். பக்கை வலம் இடமாக ஆட்டி, கோல்கீப்பரைத் தரையில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்திலிருந்து உள்ளே தள்ளினார். தங்கம்.

அந்த அமெரிக்க அணியில் கெஸல், ஹன்னா பிராண்ட், லீ ஸ்டெக்லைன் மூவரும் 2013-இல் மினசோட்டாவுக்கு ஆடியவர்கள். அவர்களை மூன்று ஓவர்டைம் ஓடவைத்த இரட்டையர் இப்போது அவர்கள் பக்கத்தில். ஒருவரை ஒருவர் அப்படி வாட்டி எடுத்துத்தான் அந்தத் தங்கத்துக்குத் தயாரானார்கள். அன்று கிராண்ட் ஃபோர்க்ஸில் எத்தனை சிறுமிகள் தொலைக்காட்சி முன்னால் துள்ளியிருப்பார்கள்! ஜோஸ்லினும் மோனிக்கும் ஆடிய கல்லூரியில் நானும் ஆடுவேன் என்று அவர்களில் ஒருத்தி சொல்லியிருந்தால், வீட்டில் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

உங்கள் முன்னாள் வீராங்கனைகள் வழக்குப் போட்டார்கள். முதலில் தள்ளுபடியாகி, 2021-இல் மேல்முறையீட்டு மன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீதிமன்றம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று இருக்காதீர்கள்.

2017-இல் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. 2024 ஜனவரியில் பெண்களுக்கான தொழில்முறை ஹாக்கி லீக் தொடங்கியது. முதல் கோப்பையே மினசோட்டாவுக்கு. ஸ்டெக்லைன் அந்த அணியிலும் ஆடினார். தேசியக் கல்லூரிப் போட்டியிலும் எட்டு அணிகளுக்குப் பதிலாகப் பதினொரு அணிகள் ஆடுகின்றன. கல்லூரிக்கு அப்புறம் என்ன என்ற கேள்விக்கு இந்தப் பெண்களிடம் இன்று பதில் இருக்கிறது. நீங்கள் மூடியபோது இருந்த உலகம் இல்லை இது.

அதனால் என் வேண்டுகோள். நாளைக்கே முழு அணி வேண்டும் என்று கேட்கவில்லை. பெண்கள் ஹாக்கியை எந்த ஆண்டு திரும்பத் தொடங்குவோம் என்று ஒரு தேதியைப் பொதுவில் சொல்லுங்கள். அதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்ற கணக்கை வெளியிடுங்கள். ஊர் மக்களிடமும் பழைய மாணவர்களிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள். அந்தப் பிரமாண்ட அரங்கே ஒரு பழைய மாணவர் கொடுத்த பணத்தில் எழுந்ததுதானே. திட்டம் போடும் மேசையில் அந்த 2013 அணியின் பெண்களை உட்காரவையுங்கள். அந்த நவம்பர் ஆட்டத்தின் ஸ்கோரை, 3-2 என்று, அரங்குக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் படும்படி எழுதி மாட்டுங்கள்.

என் மகள் கல்லூரிக்குப் போக இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. நோட்டில் உங்கள் பெயருக்கு ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மினியாபொலிஸ் பக்கத்திலிருந்து ஒரு கோல்கீப்பரின் அப்பா