வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளைக்காக

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். எந்நேரமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். "சளிதானே" என்று விட்டுவிடுகிறோம். காய்ச்சலே இல்லாமல் தும்மலும் மூக்கடைப்பும் கண் அரிப்பும் வாரக்கணக்கில் நீடித்தால், அது பெரும்பாலும் ஒவ்வாமை. பாதிப்பு மூக்கோடு நிற்பதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தூசிப் பூச்சியும் மகரந்தமும் நோய்க்கிருமிகள் அல்ல. ஆனால் சிலருடைய நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றையும் எதிரியாக எண்ணி, இம்யூனோகுளோபுலின் ஈ என்ற எதிர்ப்புரதத்தை உருவாக்குகிறது. அது மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். மறுபடி அதே தூசி பட்டதும் அந்த செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்ட, மூக்கின் உட்புறம் வீங்கிவிடுகிறது. படுத்தால் அடைப்பு இன்னும் கூடும். வாயால் மூச்சுவிட்டு, இரவெல்லாம் புரண்டு, அரைகுறைத் தூக்கத்தோடு எழுந்து வருகிற பிள்ளைதான் உங்கள் முன்னால் கொட்டாவி விடுகிறது. தயவுசெய்து சோம்பேறி என்று திட்டாதீர்கள். குளோர்பெனிரமின் போன்ற பழைய ஆண்டிஹிஸ்டமின் (ஹிஸ்டமினைத் தடுக்கும்) மருந்துகளும் மூளைவரை போய் மந்தமாக்கும். பெற்றோரிடம் சொல்லுங்கள், தூக்கம் வரவைக்காத மருந்தை மருத்துவரிடம் கேட்கலாம்.

அப்புறம், மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுப்பாதை. ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் உண்டு. மூக்கைக் கவனிக்காமல் விட்டால் இழுப்பையும் கட்டுப்படுத்துவது கடினம். வகுப்பறையைப் பெருக்கும்போது அந்தப் பிள்ளையை வெளியே இருக்க விடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் நல்லது.

என்னை அதிகம் பயமுறுத்துவது உணவு ஒவ்வாமை. வேர்க்கடலையோ பாலோ முட்டையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அதைத் தின்ற சில நிமிடங்களிலேயே உதடு வீங்கலாம், தொண்டை இறுகலாம், வாந்தி வரலாம், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். தோலில் தடிப்பு இல்லாமலும் இது நடக்கும். அந்த நேரத்தில் அலர்ஜி மாத்திரை காப்பாற்றாது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். பிள்ளையை நடக்க விடாமல் படுக்க வையுங்கள்; மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். சரியாகிவிட்டதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசியை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். யார் ஊசி போடுவது, யார் ஆம்புலன்ஸை அழைப்பது என்று பெயர் போட்டு எழுதி, ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். அவர்கள் விடுப்பில் இருந்தால் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒவ்வாமையுள்ள ஒரு பிள்ளையின் தாய்